இடப்பக்கம் மெல்வது

கௌனாஸில் நவம்பர்.
நேமுனாஸ் ஆற்றின் மூடுபனி
ஆய்வுக்கூடச் சன்னல்வரை ஏறி வந்து நிற்கிறது.
உள்ளே, மெல்லும் இயந்திரம்
எதையும் தின்னாமல் மென்றுகொண்டிருக்கிறது.

எட்டு அறை. அறைக்கொரு கடைவாய்ப்பல்,
யார் யாரோ பிடுங்கிக் கொடுத்துவிட்டுப் போனவை.
எல்லாவற்றிலும் நான் குடைந்த ஒரே அளவுக் குழி.
இரண்டில் ரசக்கலவை.
மூன்றில் பல்லின் நிறத்துப் பிசின்.
மூன்றில் கண்ணாடித்தூள் சிமெண்ட்.
ஐந்து கிலோ கனத்தில் அடி, அடி, அடி.
ஐந்து டிகிரித் தண்ணீர், பிறகு ஐம்பத்தைந்து:
ஐஸ்கிரீம், பின்னாலேயே காபி
என்று வைத்துக்கொள்ளுங்கள்.
பன்னிரண்டு லட்சம் அடி விழுந்தால் ஐந்து வருடம்.
ஒன்பது நாளில் முடிந்துவிடும்.
அதற்குள் நான் ஒரு முறை துணி துவைத்திருப்பேன்.

சிமெண்ட்தான் முதலில் தேய்கிறது.
இரண்டு லட்சத்திலேயே நடுவில் பள்ளம்,
ஆள் ஏறி இறங்கும் கல்படி மாதிரி.
ஆனால் பல்லைப் பிடித்த பிடியை விடாது.
பிசின், நீல ஒளியில் இருபது நொடியில் இறுகும்.
இறுகும்போதே இம்மியளவு சுருங்கும்.
அந்த இம்மிக்குள் பின்னாளில்
ஒரு பாக்டீரியா குடும்பம் குடியேறும்.
ரசக்கலவை பல்லோடு ஒட்டுவதே இல்லை,
சும்மா உட்கார்ந்திருக்கிறது;
மெல்ல அரிக்கப்பட்டு, அந்தத் துருவைக் கொண்டே
தன் விளிம்பின் விரிசலை அடைத்துக்கொள்கிறது.
பதினான்கு வருடமாக இந்தப் பதிவேடு எழுதுகிறேன்.
இந்த வரியில் மட்டும் பேனா கொஞ்சம் நிற்கும்.

நேற்று இரவுக் காவலர் ஜிக்மந்தாஸ்
டிராலிபஸ் சீட்டில் எதையோ மடித்துக்கொண்டு வந்தார்.
"ஜிவிலே, உன் உருப்பெருக்கியில் இதை வை."
பூண்டு தேய்த்துப் பொரித்த கம்புரொட்டி,
அதன் ஓரக் கருகல்,
எழுபத்தொரு வயதுப் பல்.
சீட்டுக்குள் கிடந்தது பல்லின் சுவர்.
அரிசி அளவு, மஞ்சள், ஒரு பக்கம் வெட்டிய மாதிரி நேர்.

வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன்.
ரசக்கலவை அப்படியே நிற்கிறது,
வீடு இடிந்த பிறகும் நிற்கும் அடுப்பைப் போல.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில்
மூர்மான்ஸ்க் முகாமில்
மரத்துப்போக ஊசிகூடப் போடாமல்
ராணுவ மருத்துவர் திணித்ததாம்.
நாற்பத்தைந்து வருடம்.
வருடத்துக்கு இரண்டரை லட்சம் என்றால்
ஒரு கோடியைத் தாண்டிய மெல்லல்.
என் இயந்திரம் ராப்பகல் ஓடினாலும்
அங்கே போய்ச் சேர மூன்று மாதம் ஆகும்.

அட்டவணையைத் திறந்தேன்.
தேய்மானத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது.
நொறுங்கும் அழுத்தத்துக்கு ஒன்று.
விளிம்புக் கசிவுக்கு ஒன்று.
அடைப்பு பிழைத்துப் பல் செத்ததை எழுத
இடமில்லை.
சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கி
ஆப்பு போல உள்ளிருந்து தள்ளியதா,
குழியைப் பெரிதாக வெட்டிய கை அவசரப்பட்டதா,
இல்லை ரொட்டிதான் காரணமா?
பேராசிரியர் வைதோதாஸிடம் கேட்டால்
"ஒரு பல் தரவு ஆகாது" என்பார்.
சரிதான். ஆகாது.

"எது கடைசிவரை நிற்கும்? அதைச் சொல்,
நாளைக்குப் போய் வைத்துக்கொள்கிறேன்."
கடைசி என்பது எது என்று நான் கேட்கவில்லை.
அவர் மனதில் ஏதோ கணக்கு ஓடியிருக்க வேண்டும்;
சன்னலைப் பார்த்துச் சிரித்தார்.
"மேலே மூடி போட வேண்டியிருக்கும்," என்றேன்,
"முந்நூறு யூரோ ஆகும்."

"முந்நூறா?" என்று நாவால் அந்த முனையைத் தடவினார்.
பிறகு பையிலிருந்து மிச்ச ரொட்டியை எடுத்து
இடப்பக்கத்துக்குத் தள்ளி
மென்றபடியே படியிறங்கிப் போனார்.

ஏழாவது அறையில் அடி தப்பாமல் விழுகிறது.
எட்டு லட்சத்து நாற்பதாயிரத்துப் பதினொன்று.
வலித்தால் மறுபக்கம் மாற்றிக்கொள்ள
அதற்கு மறுபக்கம் இல்லை.
சீட்டு இன்னும் என் மேசையில் கிடக்கிறது.
பதிவேட்டின் ஓரத்தில், பென்சிலால்,
பத்தியில்லாத ஒரு எண்: 45.